மலை இறங்கிய சினேகம்

இருளம்மாளை எங்கள் தெருவில் யாரும் ஏமாளி என்று சொல்லமாட்டார்கள். கிணற்றடியில் அவள் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு ஒருத்தி தப்பித்தது கிடையாது. பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் ரத்தினசாமி வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டே கொட்டகை கொட்டகையாக, செட்டுச் செட்டாக வருவான். அவள் உட்கார்ந்திருக்கும் செட்டைத் தாண்டும்போது மட்டும் வாயில் கொழுக்கட்டை இருக்கும். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை ஏமாந்தாள். ஏமாற்றியது யார் என்று கேட்டால் எனக்கு இன்னும் அந்த மலைமேல்தான் கோபம் வருகிறது.

விஸ்வநத்தத்துக்கு மேற்கே எங்கள் ஊர். எங்கள் அப்பன்மார் பண்ணைகளில் மாடாய் உழைத்தார்கள். மழை வருடா வருடம் கையை விரித்தது. சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பியபோது கீழத்தெருவே எழுந்து அங்கே போனது. நானும் இருளம்மாளும் சரம் பின்னுகிற செட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். அவள் புருசன் செல்லச்சாமி மருந்து அறையில். வெடிமருந்தைக் கலந்து சல்லடையில் சலிக்கிற அறை அது. எங்கள் கம்பெனியில் அந்த அறைக்கு எங்கள் தெரு ஆட்களைத்தான் விடுவார்கள். மற்ற தெருக்காரர்களுக்கு வேறு வேலை இருந்தது.

ஒரு சித்திரை மாதத்து உச்சி வெயிலில் அறை போனது. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம், அறை போச்சு என்று. ஆள் போனதை வாய்விட்டுச் சொல்லமாட்டோம். இருளம்மாள் பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு மறுபடி வந்து சரம் பின்ன உட்கார்ந்தாள். இடுப்பில் இருந்த பயல் வெள்ளைத்துரை வளர்ந்து அதே கம்பெனிக்கு வேலைக்கு வந்தான். கெட்டிக்காரன். காயப்போடுகிற மேடையில் வேலை. கம்பெனித் தோட்டத்துக் கரண்டு மோட்டார் மக்கர் செய்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

அறுபத்திரண்டு என்று நினைக்கிறேன். வடக்கேயிருந்து பெரிய ஆர்டர் வந்த வருசம். ரத்தினசாமி வெள்ளைத்துரையைக் கூப்பிட்டு, "நாளையிலருந்து மருந்து ரூமுக்குப் போலே. ஒங்க அப்பன் கை சுத்தமான கை. அது ஒனக்கும் வரும்" என்றான். மாட்டேன் என்றால் கேட்டுக்கு வெளியே போக வேண்டியதுதான். வெளியே எங்கே போவது? கம்பெனிக்குப் போனவர்கள் என்று பண்ணைக்காரர்கள் எங்கள் ஆட்களை வரப்பில் கூட நிற்க விடுவதில்லை.

இருளம்மாளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மகன் சாயங்காலம் வீடு வந்து சேருகிறவரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவனை அந்த அறையிலிருந்து எப்படியாவது வெளியே எடுக்க வேண்டும். அந்த ஒரு வேண்டுதலோடு மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு ஆடி அமாவாசைக்கு மகாலிங்கமலைக்குப் போனாள்.

அந்தத் தடவை நான் போகவில்லை. வயிற்றில் பிள்ளை. அவள் வந்து சொன்னதைத்தான் சொல்கிறேன். சரம் பின்னிக்கொண்டே சொல்லுவாள், சொன்னதையே திரும்பச் சொல்லுவாள்.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏறத் தொடங்கிவிட்டால் எல்லாரும் சாமி. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கக் கூடாது. "சாமி, வழி விடுங்க", "சாமி, தண்ணி இருக்கா" என்றுதான் பேச்சு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அங்கேயும் ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு மடம் உண்டு. எங்கள் சாமிகளுக்கு மரத்தடி.

அமாவாசை அன்று பொழுது சாயும்போது மழை பிடித்துக்கொண்டது. மேற்கே கொட்டுகிற மழை ஓடையில் இறங்கி, ஏறி வந்த பாதையைத் தின்றுவிட்டது. முன்னால் இறங்கியவர்கள் அந்தப் பக்கம், மற்றவர்கள் இந்தப் பக்கம். மரத்தடியில் நனைந்து நின்ற இருளம்மாளை, உச்சியில் ஒரு பைராகி நடத்துகிற சின்ன மடத்திலிருந்து குரல் கூப்பிட்டது: "ஏன் சாமி நனையிறீக? உள்ளே வாங்க." கல்சுவரும் தகரக்கூரையுமாக ஒரே அறை. உள்ளே சாம்பல் பூசிய பைராகி, விருதுநகர் வத்தல் மண்டியில் மூட்டை தூக்குகிற சோலைச்சாமி, இன்னும் இரண்டு மூன்று கிழங்கள். மூலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள். வழுக்குப்பாறையில் விழுந்து கால் தேங்காயாய் வீங்கியிருந்தது. கூட வந்த சொந்தக்காரர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். அவள் பேர் வெள்ளைத்தாய். சாத்தூருக்குக் கிழக்கே நிலபுலத்தோடு இருக்கிற பெத்தணன் வீட்டுக்காரி. அவளும் மஞ்சள் சேலை, இவளும் மஞ்சள் சேலை. கழுத்தில் கிடந்ததையெல்லாம் அந்த அம்மாள் திருட்டுக்குப் பயந்து வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

இருளம்மாளுக்குக் கை சும்மா இருக்காது. மழையிலேயே போய் நொச்சி இலை ஒடித்து வந்து, வதக்கி, அந்த முழங்காலில் வைத்துக் கட்டினாள். ஒத்தாசையாக ஒதுக்குப்புறம் கூட்டிக்கொண்டு போய் வந்தாள். ஈர விறகோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த பைராகியை நகரச் சொல்லிவிட்டு அடுப்பை ஊதிப் பற்றவைத்தாள். பைராகியிடம் இருந்தது கேப்பை மாவும் புளியும்தான். அதைக் கூழாகக் காய்ச்சினாள். வெள்ளைத்தாய் தன் மூட்டையை அவிழ்த்துப் பணியாரத்தையும் கருப்பட்டியையும் எல்லாருக்கும் பங்கு வைத்தாள். மனசு தாராளமான பொம்பளைதான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

மழை விடவில்லை. வேலை வெட்டி இல்லாத பொம்பளைகள் இரண்டு பேர் ஓர் அறையில் அடைந்து கிடந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. தலை பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மாமியார் கதை சொல்ல, மற்றவள் தன் மாமியாரைக் கொண்டுவந்தாள். வெள்ளைத்தாய்க்குப் பிறந்த பிள்ளைகளெல்லாம் தங்காமல் போனதைச் சொன்னபோது இவளும் அழுதாள். செல்லச்சாமி போனதை இவள் சொன்னபோது அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒரே கம்பளிக்குள் படுத்தார்கள். இலை தட்டுப்பாடாகிவிட்டது என்று பைராகி கையைப் பிசைந்தபோது வெள்ளைத்தாய்தான், "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே எலையில போடுங்க சாமி" என்றாளாம்.

"முந்தின பெறப்புல அக்கா தங்கச்சியா இருந்திருப்பீக போல" என்று சோலைச்சாமி கேலி செய்தான். "கூடப் பெறந்தவளுக இப்பிடி ஒத்துமையா இருந்து நான் பாத்ததில்லை."

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, வெள்ளைத்தாய் மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, ஒங்களுக்குக் கும்பிடுற சாமி எதுங்க?"

எங்கள் பக்கத்தில் சாதியை நேராகக் கேட்பது மரியாதை இல்லை. குலசாமியைக் கேட்பார்கள். பதிலை வைத்து ஆளை நிறுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

"இருளப்பசாமிங்க. அதான் எம் பேரும்" என்றாள் இருளம்மாள்.

"அட, எங்களுக்கும் அவருதாங்க! எங்க ஆத்தா பேரும் இருளம்மாதான்!" என்று வெள்ளைத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூத்து இங்கேதான். இருளப்பசாமி மேலத்தெருவிலும் கிடா வாங்குவார், கீழத்தெருவிலும் வாங்குவார். வெள்ளைத்தாய்க்கு அது தோன்றவில்லை. நம்ம ஆளு, பாவம், கைம்பெண், கம்பெனியில் கிடந்து சீரழிகிறாள் என்று முடிவு கட்டிவிட்டாள். இருளம்மாளோ வேறு கணக்குப் போட்டாள். புருசன் மருந்து அறையில் போனான் என்று வந்த அன்றைக்கே சொல்லியாகிவிட்டது. அந்த அறைக்குள் யாரை விடுவார்கள் என்பது ஊர் உலகத்துக்கே தெரியும் என்பது அவள் நினைப்பு. தெரிந்தும் இந்த அம்மா ஒரே இலையில் கை வைக்கிறாளே என்று உருகிப் போனாள். அந்த அம்மாள் பட்டாசுக் கம்பெனிக் கேட்டைக்கூடப் பார்த்தது கிடையாது.

அந்த உருக்கத்தில் மகன் கதையைச் சொன்னாள். வெள்ளைத்தாய் கேட்டுவிட்டு இவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "எங்க கெணத்துக்குக் கரண்டு இழுத்து மோட்டாரு மாட்டியிருக்கோம்க. ஓட்ட ஆளு இல்லாம எங்க வீட்டுக்காரரு தேடிக்கிட்டு இருக்காக. ஆவணி பெறந்ததும் தம்பியைக் கூட்டியாங்க. எம் புள்ளை மாதிரி வச்சுக்கிறேன். மகாலிங்கம் சாட்சி" என்று இவள் உள்ளங்கையில் அடித்துச் சொன்னாள்.

ஓடை வடிந்ததும் இறங்கினார்கள். வழுக்குப்பாறையில் இருளம்மாள் அந்த அம்மாளை முதுகில் தூக்கிக்கொண்டாள், கீழே நின்று சோலைச்சாமி தாங்கிக்கொண்டான். அடிவாரத்தில் வண்டி கட்டிக்கொண்டு சொந்தக்காரர்கள் நின்றார்கள். வண்டி கிளம்புகிறவரை வெள்ளைத்தாய் இவள் கையை விடவில்லை.

இருளம்மாள் ஊர் வந்து என்னிடம் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. "ரயில் சினேகம் மாதிரி இதுவும் ஒண்ணு, ஸ்டேசன் வந்தா முடிஞ்சு போகும்" என்றேன். "போளா, பொறாமை பிடிச்சவளே. மகாலிங்கத்தைச் சாட்சி வச்ச வாக்கு" என்றாள். நான் சொன்னது பலித்துவிடக் கூடாதே என்று நானும்தான் வேண்டிக்கொண்டேன்.

ஆவணி முதல் வாரம் தாயும் மகனும் வெளுத்த துணி கட்டிக்கொண்டு போனார்கள். சாத்தூரில் இறங்கிக் காரச்சேவும் பழமும் வாங்கிக்கொண்டு நடந்தார்கள். வெள்ளைத்தாய் அவர்களைத் தெருவிலேயே பார்த்துவிட்டு நொண்டிக்கொண்டே ஓடி வந்தாள். கையைப் பிடித்து வீட்டுக்குள், அடுப்படிக்குப் பக்கத்து அறைக்கே கூட்டிக்கொண்டு போனாள். இலை போட்டு நெல்லுச்சோறும் கறிக்குழம்பும் வைத்தாள். பயலுக்குப் பசி. இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டிருக்கும்போது பெத்தணன் வந்தார்.

அவரும் நல்லவிதமாகத்தான் பேசினார். "தம்பிக்கு மோட்டாரு பழக்கமா? கெணத்துல பாதி ஆளத்துல மேடை கட்டி வச்சிருக்கேன். எறங்கித்தான் போடணும். அடியில வால்வுல பாசி அடைச்சா முங்கி எடுக்கணும். முடியுமா?"

"முடியும்யா" என்றான் வெள்ளைத்துரை.

"நல்லது. எந்தத் தெரு நீங்க? ஆரு வகையறா?"

மலை இறங்கியாகிவிட்டது, இனிக் கேட்கலாம். பயலுக்கு மறைக்கத் தெரியாது, மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று நினைத்திருந்தான். சொன்னான்.

பெத்தணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் இருளம்மாள் பதிலுக்குக் கத்தியிருப்பாள், கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் குரலை இறக்கி, "சாப்புடுறவனை எழுப்பக் கூடாது. தின்னுட்டு எந்திரி" என்றார். பயல் பிசைந்த சோற்றை என்ன செய்வது என்று தெரியாமல் தின்றான். அவர் சொல்லிக்கொண்டே போனார்: "தப்பா நெனைக்காதீக. இந்தத் தெருவே அந்தக் கெணத்துத் தண்ணியைத்தான் குடிக்குது. நீ எறங்குனா நாளைக்கு ஒரு குடம் எறங்காது. நான் ஒத்துக்கிட்டாலும் ஊரு ஒத்துக்காது. பருத்தி எடுக்கிறப்ப சொல்லி விடுறேன், வாங்க."

இருளம்மாள் வெள்ளைத்தாயைத்தான் பார்த்தாள். அந்த அம்மாள் சுவரோடு ஒட்டி நின்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தத் தண்ணீரைப் பார்த்து இவளுக்கு ஒரு நிமிசம் நம்பிக்கைகூட வந்ததாம்.

"மலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல நீ? என்னை இப்பிடி ஏமாத்திட்டியே" என்றாள் வெள்ளைத்தாய்.

முதுகில் சுமந்தவள் ஏமாற்றுக்காரி ஆனாள். நொச்சி இலை கட்டிய கைக்கு அதுதான் கூலி.

கிளம்பும்போது அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே, சத்தம் வராமல்: "எலையை எடுத்துக்கிட்டுப் போயிரு. கொல்லைப் பக்கமாப் போ." மகன் தின்ற இலையையும் தான் தின்ற இலையையும் மடித்து எடுத்துக்கொண்டு இருளம்மாள் கொல்லை வழியே வந்தாள். தெரு முனை திரும்புமுன் வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் கேட்டது.

வருகிற வழியில் வெள்ளைத்துரைதான், "விடு ஆத்தா. சோறு நல்லா இருந்துச்சு" என்று சிரித்தானாம். அந்தச் சிரிப்பைச் சொல்லும்போது மட்டும் பின்னிய சரத்தை அவிழ்த்துத் திரும்பப் பின்னுவாள்.

மறுநாள் அவன் மறுபடி மருந்து அறைக்குப் போனான். சீசன் சூடு பிடித்தது. ஐப்பசி பிறந்து தீபாவளிக்கு முந்தின வாரம், லோடு ஏற்றுகிற அவசரத்தில் ராத்திரி பகல் என்று பார்க்காமல் மருந்து சலித்தார்கள். ஒரு காலை நேரம் நாங்கள் சரம் பின்னிக்கொண்டிருந்தபோது தரை அதிர்ந்தது. எந்தப் பக்கம் என்று எல்லாரும் எழுந்து பார்த்தார்கள். இருளம்மாள் எழுந்திருக்கவில்லை. பாதி பின்னிய சரத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

அதற்குமேல் அதைச் சொல்ல எனக்கு மனசு இல்லை.

அடுத்த ஆடிக்கு அவள் மறுபடி மஞ்சள் சேலை எடுத்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. "எதுக்குப் போறே? இன்னும் என்ன கேக்கணும் அவர்கிட்ட?" என்றேன். "ஒண்ணும் கேக்க மாட்டேன். மூஞ்சியைக் காட்டிட்டு வரணும்" என்றாள். கைப்பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் கூடப் போனேன்.

தூறல்தான். எங்கள் ஆட்களோடு மரத்தடியில் கல் கூட்டி உலை வைத்தோம். அப்போது மேலே மடத்து வாசலிலிருந்து ஒரு சத்தம்: "சாமி! இருளம்மா சாமி!" வழக்கத்தை மறந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஒரு பொம்பளை நொண்டி நொண்டி வந்தாள். வந்து இருளம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பார்த்த உடனே யார் என்று எனக்குத் தெரிந்துபோனது.

"வருசம் பூரா ஒங்களை நெனைக்காத நாளில்லைங்க. வருவீகன்னு எனக்குத் தெரியும். ஒங்களுக்குன்னு சேலை எடுத்தாந்திருக்கேன்." இழுக்காத குறையாக எங்களை மடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனாள். பைராகி கூழ் வாளியோடு நின்றார். பந்தி உட்கார்ந்திருந்தது. வெள்ளைத்தாய் ஓர் இலையை விரித்து, இரண்டு பேருக்கு இடம் ஒதுக்கி, தரையைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"கீள நடந்ததை மனசுல வைக்காதீக. ஊருக்குப் பயந்து பேசுன பேச்சு. அன்னைக்கு ராத்திரி பூரா நான் தூங்கலை. மலையில ஏதுங்க சாதி? உக்காருங்க, போன தடவை மாதிரி ஒரே எலையில சாப்புடுவோம். தம்பி நல்லா இருக்கானா?"

அவள் நடிக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை செமிக்க முடியவில்லை. அவ்வளவு அன்பும் நிஜம்.

இருளம்மாள் உட்காரவில்லை. கத்தவும் இல்லை. ஆனால் பந்தியில் கடைசியில் இருந்தவனுக்கும் கேட்டது.

"எம் மகன் மலையில சாகலை தாயி. கீளதான் செத்தான்."

வெள்ளைத்தாயின் கை இலைமேல் அப்படியே நின்றது. "எப்ப? எப்பிடி?" என்று வாய் மட்டும் அசைந்தது. பைராகி வாளியைக் கீழே வைத்தார்.

"அதே ரூம்லதான். ஒங்க கெணத்துத் தண்ணி சுத்தமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இருளம்மாள் வெளியே வந்தாள். நானும் வந்தேன். மரத்தடியில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. குடித்தோம். உள்ளேயிருந்து அந்த அம்மாள் அழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கே ஒரு கட்டத்தில் பாவமாக இருந்தது. "போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரட்டா?" என்றேன். "உக்காரு. அடிவாரம் வரைக்கும்தான் அளுவாக" என்றாள்.

மறுநாள் இறங்கினோம். அடிவாரத்துப் புளியமரத்தடியில் வண்டிகள் நின்றன. எங்களுக்கு முன்னாலேயே இறங்கி வந்த வெள்ளைத்தாய் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. நாங்கள் வண்டியை ஒட்டித்தான் போக வேண்டியிருந்தது. இருளம்மாள் ஒதுங்காமல் நேராக அவளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வண்டிப்பக்கம் நின்ற சொந்தக்காரக் கிழவர் ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆரும்மா இவளுக? ஒன்னையே பாத்துக்கிட்டுப் போறாளுக?" என்று கேட்டார்.

வெள்ளைத்தாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மாட்டைப் பார்த்தாள்.

"தெரியலை மாமா. மலையில பாத்த மொகம்" என்றாள்.

இருளம்மாள் நின்றாள். மகன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "கேட்டியா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது, அதை விட்டால் சாயங்காலம்தான் அடுத்த பஸ் என்பதால் ஓடினோம்.